மர அம்புத் தண்டு: வாங்குவதா, பிளப்பதா, கொம்பு வெட்டுவதா?

மரபு வில்லுக்கு மர அம்பு செய்யத் தொடங்குபவர் முதலில் கேட்பது "எந்த மரம் நல்லது?" என்றுதான். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி, தண்டை எந்த வழியில் பெறுவது என்பது. வில்வித்தைக்கென்றே உருட்டித் தரம் பிரித்து விற்கும் தண்டுகளை வாங்கலாம். டோவல் எனப்படும் பொது உருளைக் கட்டைகளில் தேடிப் பொறுக்கலாம். பலகையைப் பிளந்து இழைக்கலாம். புதர்ச்செடியின் இளங்கொம்பை வெட்டிக் காயவைக்கலாம். மூங்கிலைப் பதப்படுத்தலாம். ஐந்து வழியிலும் நல்ல அம்பு கிடைக்கும். ஐந்து வழியிலும் கையைக் கிழிக்கும் அம்பும் கிடைக்கும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் டஜனுக்குத் தரம் பிரித்த தண்டை வாங்குங்கள். இழைப்புளி பிடித்துப் பழகியவர் பிளந்து இழைக்கட்டும். உறுதியில் அதற்கு இணை குறைவு. ஆறு மாதம் பொறுக்க முடிந்தவர்களுக்கு மூங்கிலும் கொம்பும். டோவல் கடைசி.

இந்த வரிசைக்குக் காரணம் நாரோட்டம். மரத்தின் வலு நார் ஓடும் திசையில் இருக்கிறது. தண்டின் நீளவாக்கை விட்டு நார் சாயச் சாய, வளைவைத் தாங்கும் வலு வேகமாகக் குறையும். 20-க்கு 1 என்ற சாய்வில் ஏறத்தாழ 7 சதவீதம் போகிறது. 10-க்கு 1 என்றால் 19 சதவீதம். 5-க்கு 1 என்றால் 45 சதவீதம். இதை 8.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு தண்டில் பொருத்திப் பாருங்கள். 20-க்கு 1 சாய்வுள்ள ரேகை ஒரு பக்கத்தில் நுழைந்து 17 செ.மீ. தள்ளி மறுபக்கம் வெளியேறும். 10-க்கு 1 சாய்வில் 9 செ.மீ.க்குள் வெளியேறிவிடும். ஆகவே ஒரு ரேகை 17 செ.மீ.க்குள் தண்டைக் குறுக்கே கடந்தால், அது எவ்வளவு உயர்ந்த மரமானாலும் ஒதுக்கிவிடுங்கள். 30 செ.மீ.க்கு மேல் ஓடினால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.

இதில் சலுகையே கூடாது. நாணை விட்ட கணத்தில் தண்டு நேராகப் போவதில்லை. பின்னாலிருந்து வரும் தள்ளலில் பக்கவாட்டில் வளைந்து, மறுபக்கம் நெளிந்து, அப்படியே வில்லைத் தாண்டுகிறது. ரேகை வெளியேறும் இடத்தில் அப்போது பிளந்தால், பின்பாதி ஈட்டி போன்ற சிம்பாகி முன்னே பாயும். வில்லைப் பிடித்த கை சரியாக அந்தப் பாதையில் இருக்கிறது. கப்பிகள் வைத்த காம்பவுண்டு வில்லில் மர அம்பை எய்யவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அதன் தள்ளலை மரத்தண்டு தாங்காது.

இரண்டாவது அளவுகோல் விறைப்பு. வில்லாளிகள் இதை ஸ்பைன் என்கிறார்கள். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். 26-ஐ அந்த இறக்கத்தால் வகுத்தால் பவுண்டில் ஸ்பைன் கிடைக்கும். மெட்ரிக்கில் இன்னும் எளிது: தாங்கிகளுக்கு இடையே 66 செ.மீ., எடை 907 கிராம், 660-ஐ மி.மீ. இறக்கத்தால் வகுக்கவும். 13.2 மி.மீ. இறங்கினால் 50 பவுண்டு, 16.5 இறங்கினால் 40, 11 இறங்கினால் 60. ஒரு பலகை, இரண்டு ஆணி, ஒரு அளவுகோல், எடை சரிபார்த்த ஒரு பை இருந்தால் வீட்டிலேயே இதைச் செய்யலாம். கார்பன் தண்டுகளுக்கு அச்சிட்டிருக்கும் எண் வேறு முறையில் எடுத்தது. 28 அங்குல இடைவெளியும் 1.94 பவுண்டு எடையும் அந்த முறைக்கு உரியவை; இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

எவ்வளவு ஸ்பைன் வேண்டும்? உங்கள் இழுப்பில் வில் 45 பவுண்டு காட்டுகிறது, அம்பு 28 அங்குலம், முனை 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) என்றால், 45 முதல் 50 வரையுள்ள தண்டில் தொடங்கலாம். அம்பு ஓர் அங்குலம் கூடினால் 5 பவுண்டு கூட்டுங்கள், குறைந்தால் 5 குறையுங்கள். முனையின் கனம் கூடினாலும் விறைப்பைக் கூட்ட வேண்டும். நடுவில் வெட்டு இல்லாத ஒற்றைமர வில்லில் அம்பு கைப்பிடியைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால் 5 முதல் 10 பவுண்டு குறைவான ஸ்பைன் ஒத்துவரும். ஒரு டஜனுக்குள் ஸ்பைன் வேறுபாடு 5 பவுண்டுக்குள்ளும், எடை வேறுபாடு 10 கிரெய்னுக்குள்ளும் (0.65 கிராம்) இருந்தால் அம்புகள் ஒரே இடத்தில் குவியும். இந்தப் பொருத்தத்தை எவ்வளவு சிரமத்தில் எட்ட முடிகிறது என்பதில்தான் ஐந்து வழிகளும் பிரிகின்றன.

தரம் பிரித்த தண்டு

இங்கே நீங்கள் காசு கொடுப்பது மரத்துக்கு மட்டுமல்ல, பொறுக்கிய உழைப்புக்கும்தான். நாரோட்டம் பார்த்துக் கழித்து, ஸ்பைனும் எடையும் அளந்து கட்டுக் கட்டியிருப்பார்கள். விட்டங்கள் 5/16 அங்குலம் (7.9 மி.மீ.), 11/32 (8.7 மி.மீ.), 23/64 (9.1 மி.மீ.) என்று வருவதால் ஒட்டு முனைகளும், நாணில் மாட்டும் பிளவுள்ள பின்முனைத் துண்டுகளான 'நாக்'குகளும் அப்படியே பொருந்தும். ஒரு நாளில் பசை காய்ந்துவிடும் அளவுக்கு வேலை குறைவு.

ஆனால் கட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பி எய்யத் தொடங்காதீர்கள். ஈரப்பதம் மாறினால் எடையும் விறைப்பும் மாறும். வாங்கியதும் ஒரு வாரம் உங்கள் அறையிலேயே, படுக்கையாக, நீளம் முழுவதும் தாங்கலோடு வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 12 வேண்டுமென்றால் 15 வாங்குவது நல்லது. இரண்டொன்று சேராது, இன்னொன்றை அறுப்பதற்கும் முனை சீவுவதற்கும் பழகிக்கொள்ள வைத்துக்கொள்ளலாம்.

டோவல்

மலிவு, அவ்வளவுதான் இதன் நல்ல பக்கம். இவை மேசை நாற்காலி இணைக்கவும் திரைச்சீலை மாட்டவும் உருட்டப்பட்டவை. அறுத்த பலகையிலிருந்து இயந்திரம் நேராகக் கடைந்து எடுப்பதால், நார் எந்தப் பக்கம் ஓடினாலும் வெளித்தோற்றம் ஒழுங்காகத்தான் இருக்கும். மேலே சொன்ன 17 செ.மீ. விதியோடு ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரும்பாலானவை கழிந்துபோகும். சில கடைகளில் எந்த மரம் என்றே சொல்ல மாட்டார்கள். பழைய இருப்பில் ராமின் மரம் கிடைக்கலாம். கனமும் நேர்த்தியும் உள்ள அந்த மரம் இப்போது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 8 மி.மீ. டோவல் 5/16 முனைக்கு ஏறத்தாழப் பொருந்தும். 9 மி.மீ. கட்டையை உப்புத்தாளால் 8.7-க்கு இறக்கலாம். இலக்குப் பலகைக்குப் பக்கத்தில் நின்று 25 பவுண்டுக்குக் குறைந்த வில்லில் எய்யும் சிறுவர் அம்புக்குப் பொறுக்கிய டோவல் போதும். அதைத் தாண்டிய வில்லுக்கு, தேடும் நேரத்தைப் பலகை பிளப்பதில் செலவிடுவதே மேல்.

பிளந்து இழைப்பது

ரம்பம் தன் கோட்டில் போகும். பிளவு மரத்தின் கோட்டில் போகும். இதனால்தான் பிளந்த தண்டில் நார் வெளியேறும் பிரச்சினை ஏறக்குறைய இருப்பதே இல்லை.

கணு இல்லாத, நேர்ரேகையுள்ள, நன்கு காய்ந்த கட்டை வேண்டும். நீளம் 80 செ.மீ., குறுக்கு 50 × 50 மி.மீ. இருந்தால் கையாள வசதி. முதலில் ஓரத்தில் ஒரு சீவலைப் பிளந்து பாருங்கள். பிளவின் முகம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருகிக்கொண்டு போனால் மரம் முறுக்குநார் கொண்டது. அந்தக் கட்டையில் தண்டு எடுக்க முடியாது, வேறு வேலைக்கு வைத்துவிடுங்கள். நேராக வந்தால் தடித்த கத்தியை நடுவில் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி இரண்டாக்குங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மறுபடி சரிபாதியாக. எப்போதும் பாதிப் பாதியாகவே பிளக்க வேண்டும். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் வைத்தால் பிளவு மெல்லிய பக்கம் ஓடி, நுனியில் ஊசியாக முடியும். ஓடத் தொடங்கிவிட்டால், தடித்த பக்கத்தை அதிகம் வளைத்துப் பிரித்தால் பிளவு அந்தப் பக்கம் திரும்பும். 50 மி.மீ. கட்டையில் 12 மி.மீ. சதுரமாகக் கணக்குப் போட்டால் 16 வரும். இத்தனையும் தண்டாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது இழைப்பு. ஒரு மீட்டர் நீளப் பலகையில் வி வடிவப் பள்ளம் வெட்டி, ஒரு முனையில் திருகாணியைத் தடுப்பாக வைத்தால் அதுவே பட்டறை. சதுரத்தை 9.5 மி.மீ.க்கு இறக்கி, நான்கு மூலைகளையும் சம அளவு சீவுங்கள். எட்டு முகங்களும் ஏறத்தாழ 3.9 மி.மீ. அகலமாக வந்தால் எண்கோணம் சரி. பிறகு அந்த எட்டு மூலைகளை ஓரிரு இழைப்பில் தட்டி, டிரில்லில் மாட்டி, மடித்த உப்புத்தாளுக்குள் சுழலவிட்டு உருட்டலாம். 80-ஆம் எண் தாளில் தொடங்கி 120, 220 என்று முடியுங்கள். கையை ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே இடுப்பு விழுந்துவிடும்; நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். சூடும் ஏறும் என்பதால் தோல் கையுறை போட்டுத் தாளைப் பிடிப்பவர்கள் உண்டு. சுழலும் டிரில்லின் அருகே அது ஆபத்து. தாளை ஒரு மரத்துண்டில் பள்ளமிட்டு அதில் ஒட்டிப் பிடிப்பதே சரி.

இந்த வழியின் பெரிய பலம் ஸ்பைனை நீங்களே வைப்பது. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 8.7 மி.மீ. தண்டில் 0.1 மி.மீ. குறைத்தால் விறைப்பு சுமார் நாலரை சதவீதம் குறைகிறது. 50 பவுண்டுத் தண்டு 48-க்குப் பக்கம் வந்துவிடும். எனவே வேண்டிய ஸ்பைனுக்கு 5 பவுண்டு மேலேயே நிறுத்தி, அளந்து, பத்து முறை உப்புத்தாள் ஓட்டி, மறுபடி அளக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கியதை ஏற்ற வழியில்லை.

குறை நேரம்தான். முழுக்கக் கையால் செய்தால் ஒரு டஜன் ஒரு வார இறுதியில் முடியாது.

இளங்கொம்பு

மனிதன் அம்பு செய்த மிகப் பழைய வழிகளில் ஒன்று. 1991-இல் ஆல்ப்ஸ் பனிப்பாறையில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்ஸி மனிதனின் அம்பறாத்தூணியில் 14 அம்புத் தண்டுகள் இருந்தன. வைபர்னம் என்ற புதரின் கொம்புகளே அவற்றுக்கான முக்கிய மரம். 12 இன்னும் முடிக்கப்படாதவை. வைபர்னம், டாக்வுட், ஹேசல் ஆகியவை இன்றும் இதற்குப் பேர்போனவை.

கொம்பை ரம்பத்தாலோ இழைப்புளியாலோ குறுக்கே வெட்டாமல் சுரண்டி மட்டுமே மெலிதாக்குவதால், நார்கள் முழுவட்டமாக அறுபடாமல் நிற்கின்றன. நடுவில் உள்ள மென்மையான தக்கை விறைப்பைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. வளைவில் வேலை செய்வது வெளிப்பகுதிதான். கல்லில் பட்டாலும் எளிதில் முறியாத அம்பு வேண்டுமென்றால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

இலை உதிர்ந்து செடி உறங்கும் காலத்தில், அடியில் 12 மி.மீ. உள்ள நேரான கொம்புகளை ஒரு மீட்டர் நீளத்தில் வெட்டுங்கள். தேவைக்கு இரண்டு மடங்கு வெட்டுங்கள். வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, பத்துப் பதினைந்தாக இறுக்கிக் கட்டி, நிழலில் வையுங்கள். பட்டையை அன்றே உரித்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து நீளவாக்கில் வெடிக்கும். சில வாரம் கழித்து உரித்து, மறுபடி கட்டி, எடை குறைவது நிற்கும்வரை காயவிடுங்கள். மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். நிமிர்த்துவது சூட்டில். கோணல் உள்ள இடத்தைக் கை தாங்காத அளவுக்குச் சூடாக்கி, எதிர்ப்பக்கம் சற்று மிகையாக வளைத்து, ஆறும்வரை பிடிக்க வேண்டும். கருகவிட்டால் அந்த இடம் நொறுங்கும். அடி தடித்தும் நுனி மெலிந்தும் இருப்பதால் தடித்த பக்கத்தை முன்னால் வைத்து முனை பொருத்துவது வழக்கம்.

ஒரு டஜனை ஒரே எடைக்குக் கொண்டுவருவது இதில் கடினம். துல்லிய இலக்குப் பயிற்சிக்கு இது பொருந்தாது.

மூங்கில்

பொறுமை உள்ளவருக்குக் கொம்பைவிட மூங்கிலையே நாங்கள் சொல்வோம். ஜப்பானிய வில்வித்தையின் அம்புகள் யதாகே என்ற ஒல்லி மூங்கிலில் செய்யப்படுபவை. டோங்கின் மூங்கிலும் அம்புக்கு நன்றாக வரும். மூங்கில் முளைக்கும்போதே தன் முழுத் தடிமனோடு வரும், பிறகு பருப்பதில்லை. வயது ஏற ஏற முற்றுவது மட்டுமே. அதனால் பார்க்க ஒன்றாக இருக்கும் கழிகளில் முதல் வருடத்துக் கழி காய்ந்தபின் சுருங்கி ஒடுங்கும். மூன்றாவது வருடத்தை ஒட்டியதைக் குளிர்காலத்தில் வெட்டுங்கள். அப்போது கழியில் மாவுச்சத்து குறைவு; துளைக்கும் வண்டுகள் தேடி வருவதே அதைத்தான்.

கணுக்களில்தான் வேலை. ஒவ்வொரு கணுவிலும் கழி சிறிது திசை மாறும். கணுவைச் சூடாக்கி நிமிர்த்திய பிறகு இடைக்கணுவை நிமிர்த்த வேண்டும். கணுவின் மேட்டை அரத்தால் தட்டலாம், ஆனால் இடைக்கணுவின் பளபளப்பான மேல்தோலைச் சுரண்டக்கூடாது. மூங்கிலின் அடர்ந்த நார்கள் வெளிப்புறத்தை ஒட்டியே இருக்கின்றன. தோலை எடுத்தால் விறைப்பு சரசரவென்று விழும். நாண் அமரும் பிளவைக் கணுவுக்குச் சற்றுப் பின்னால் வருமாறு வெட்டி, அடியில் நூல் சுற்றிப் பசையிட வேண்டும். உள்ளே கூடாக இருக்கும் முனைப்பக்கத்தில் 4 செ.மீ. மரக்குச்சியை ஒட்டி இறக்கிய பிறகே முனை பொருத்துங்கள். இவற்றைச் செய்யாமல் எய்த மூங்கில் அம்பு பின்முனையில் பிளக்கும், அல்லது முனை உள்ளே நழுவும்.

மரம் எது?

வாங்கினாலும் பிளந்தாலும் இந்தக் கேள்வி இப்போது வரலாம். 8.7 மி.மீ. விட்டமும் 74 செ.மீ. நீளமும் உள்ள தண்டை அளவாக வைத்துக்கொள்வோம். போர்ட் ஆர்ஃபோர்ட் சீடார் 20 கிராம் அருகே நிற்கும், சிட்கா ஸ்ப்ரூஸ் அதைவிடச் சற்றுக் குறைவு. டக்ளஸ் ஃபிர் 22, 23 கிராம். ஆஷும் பிர்ச்சும் 29, 30 கிராம்.

ஆஷ் கனமானது, ஆகவே மிக விறைப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே விட்டத்தில் ஆஷின் விறைப்பு சீடாரை ஒட்டியே இருக்கும். எடைதான் பாதிக்குப் பாதி கூடும். அந்த எடை வேண்டுபவருக்கு மட்டுமே ஆஷ். 60 பவுண்டைத் தாண்டிய நெடுவில்லுக்கு அது நல்ல துணை. 40 பவுண்டு வில்லில் அம்பு தாழ்ந்து வளைந்தே போகும். மரபு வில்லுக்கு ஒரு பவுண்டுக்கு 8 முதல் 10 கிரெய்ன் மொத்த எடை என்பது வழக்கமான அளவு. சீடார் தண்டு, 125 கிரெய்ன் முனை, இறகு, நாக் எல்லாம் சேர்த்து 460 கிரெய்ன் வரும். 45 பவுண்டு வில்லுக்கு அது மேல் எல்லையை ஒட்டி வரும். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலின் போர் அம்புகளில் பெரும்பாலானவை ஆஷில் அல்ல, பாப்லரில் செய்யப்பட்டவை என்பதையும் நினைவில் வைக்கலாம்.

போர்ட் ஆர்ஃபோர்ட் சீடார் ஓரிகான், கலிஃபோர்னியாக் கடலோரத்தின் ஒரு சிறு பகுதியில் மட்டும் இயற்கையாக வளர்வது. வேரழுகல் நோயால் அங்கே நெடுங்காலமாகப் பாதிக்கப்பட்டும் வருகிறது. எளிதில் நிமிரும், நிமிர்ந்தது நிலைக்கும், சீவும்போது மணக்கும். ஆனால் முனைக்குப் பின்னால் எளிதில் முறியும். மரங்களுக்கு நடுவே எய்பவர்கள் டக்ளஸ் ஃபிர்ரை எடுங்கள். விறைப்பும் கூடுதல், அடியும் தாங்கும், ஆனால் இழைக்கும்போது கோடைவளையத்தின் கடினம் இழைப்புளியைத் துள்ளவைக்கும். சிட்கா ஸ்ப்ரூஸ் எடைக்கு எடை விறைப்பில் சிறந்தது. விமானச் சட்டங்களுக்கு அதைத் தேடியதும் அதனால்தான்.

விட்டத்தைத் தேர்வதில் ஒரு கணக்கு போதும். 5/16-இலிருந்து 11/32-க்குப் போனால் எடை 21 சதவீதம் கூடும், விறைப்போ 46 சதவீதம் கூடும். ஆகவே விறைப்பு போதாதபோது மரத்தை மாற்றுவதைவிட விட்டத்தை மாற்றுவது சிக்கனம். பின்பக்கம் 25 செ.மீ. தூரத்தை 11/32-இலிருந்து 5/16-க்குச் சரித்து இறக்கினால் அம்பு வில்லின் ஓரத்தைச் சுத்தமாகத் தாண்டும், சில கிராமும் மிச்சம். முதல் டஜனில் இதைச் செய்ய வேண்டியதில்லை.

வாங்கியதோ டோவலோ பிளந்ததோ, எந்தத் தண்டானாலும் நாக் வைக்கும் திசை ஒன்றே. பிளவு வளர்ச்சி வளையங்களுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். வளையங்களோடு இணையாக வெட்டினால் நாணே ஆப்பாகித் தண்டைப் பிளக்கும். குறுக்காக வெட்டினால் நெருக்கமான நேர்க்கோடுகள் தெரியும் முகம் வில்லின் பக்கம் வரும். ஸ்பைன் அளக்கும்போதும் அந்த முகமே மேலே இருக்கட்டும். சுடர் போன்ற ரேகைமுனைகள் தெரியும் முகத்தில், மேற்பக்கத்தில் உள்ள சுடர்கள் அம்பின் முனையை நோக்கியிருக்குமாறு வையுங்கள். தப்பித்தவறி முறிந்தாலும் சிம்பு கையை விட்டு மேலே எழும்பும். தண்டின் இரு நுனிகளையும் கூம்பாகச் சீவ வேண்டும்: முனைக்கு 5 பாகைச் சரிவு, பிளாஸ்டிக் 'நாக்'குக்கு 11 பாகைச் சரிவு.

பூச்சு, சரிவுகள் வெட்டிய பிறகு. ஷெல்லாக் விரைவில் காயும். பாலியூரித்தேன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஆளிவிதை எண்ணெய் பார்வைக்கு அழகு, ஈரத்துக்கு அரைத் தடுப்பு. மழைக்காலத்தில் எய்பவர்கள் பாலியூரித்தேனை இரண்டு மெல்லிய கோட்டாகப் பூசி, வெட்டுமுனைகளில் மூன்றாவது கோட்டும் கொடுங்கள். முனைகள் வழியேதான் ஈரம் முதலில் ஏறும்.

எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் இரு கையால் பிடித்து, முனையை உங்களுக்கு எதிர்ப்புறம் திருப்பி, நான்கு பக்கமும் சற்று வளைத்துப் பாருங்கள். மெல்லிய 'டிக்' கேட்டாலோ ரேகையில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ அன்றே முறித்துப் போடுங்கள். கடினமான இலக்கில் அடித்த அம்பை அடுத்த முறை எடுப்பதற்கு முன்பும் இதையே செய்யுங்கள். முனைக்குப் பின்னால் மட்டும் முறிந்து, மீதி நேராக இருந்தால், 15 செ.மீ. நீளக் கடினமரத் துண்டை ஆப்புவடிவில் பிளந்து இணைத்து ஒட்டலாம். முனைப்பக்கம் முன்னைவிட உறுதிப்படும், எடையும் முன்னால் கூடும். அந்த அம்பை மட்டும் மறுபடி ஸ்பைன் அளந்து, சேரும் கட்டில் சேருங்கள்.